ஆசிரியருக்குக் கடிதம்: டிஜிட்டல் பலகையில் எதை வைப்பது, எதை எடுப்பது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளம்பர உள்ளடக்கங்களை, கணினித் திரையில் படங்களையும் குறிப்புகளையும் அட்டைகளாக ஒட்டி நகர்த்தக்கூடிய டிஜிட்டல் பலகைகளில் காட்சியாக அடுக்கி வைத்து வேலை செய்யும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். பல ஆண்டுகளாக விளம்பர வாசகங்களை எழுதியும் பிறர் எழுதியவற்றைத் தொகுத்தும் வரும் எனக்கு, இத்துறையின் அன்றாட வேலையைப் பற்றிப் பொது வாசகருக்காகத் தமிழில் எழுதப்பட்டதே மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் அக்கட்டுரை பலகையை ஒரு சேகரிப்பு இடமாகவே பெரிதும் காட்டியது. பிடித்த படங்கள், போட்டியாளர்களின் விளம்பரங்கள், நிறத் தொகுப்புகள், எழுத்துருக்கள், பழைய பதிவுகள் என அனைத்தையும் ஓரிடத்தில் குவித்துவிட்டால் வேலை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்ற எண்ணத்தையே அது வாசகரிடம் விட்டுச் செல்கிறது. என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. எதை எதன் அருகில் வைக்கிறோம், எதை எப்போது பலகையிலிருந்து எடுக்கிறோம் என்பவைதான் பலகையின் பயனைத் தீர்மானிக்கின்றன. இதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முன்பு எங்கள் குழுவில் சமூகத் தளங்களில் வெளியிட வேண்டிய ஒரு மாதத்துக்கான பதிவுகள் அனைத்தும் ஓர் எக்செல் தாளில் இருந்தன. தேதி, தளம், தலைப்பு வாசகம், படக் கோப்பின் பெயர், எழுதியவர், ஒப்புதல் தந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. எண்ணிப் பார்க்கவும் வடிகட்டித் தேடவும் அதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு வாரத்தில் அடுத்தடுத்து வெளியான நான்கு பதிவுகளும் ஒரே நீலப் பின்னணியுடன், ஒரே கோணத்தில் சிரிக்கும் முகத்துடன் அமைந்துவிட்டன. அவற்றுள் இரண்டின் முதல் வரியும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். நான்கையும் வெவ்வேறு நபர்கள் தயாரித்திருந்தார்கள். அந்தத் தாளை ஐந்து பேர் வரிவரியாகப் படித்திருந்தோம், ஒப்புதலும் தந்திருந்தோம். எவர் கண்ணிலும் இது படவில்லை, ஏனென்றால் நாங்கள் பார்த்தவை படங்கள் அல்ல, ‘இறுதி 2’, ‘புதியது’, ‘மாற்றியது’ என்ற கோப்புப் பெயர்கள் மட்டுமே. பதிவுகள் வெளியான பிறகு நான்கையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். குழுவில் சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த பயிற்சியாளர் ஒருவர், எவரும் சொல்லாமலேயே, “இவை நான்கும் ஒன்றுபோல் இருக்கின்றனவே” என்றார். அதைக் கண்டறிய அவருக்கு எந்தத் திறமையும் தேவைப்படவில்லை, அவை அருகருகே இருந்ததே போதுமானதாக இருந்தது.

மனிதக் கண்ணின் இந்த இயல்பு ஆய்வாளர்களுக்கும் நெடுங்காலமாகத் தெரிந்ததே. உளவியலாளர் லயனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட ஆய்வில், சில நாட்களில் 10,000 படங்கள் வரை ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டவர்கள், பின்னர் முன்பு பார்த்த படத்தையும் பாராத படத்தையும் இணையாக வைத்தபோது பெரும்பாலும் சரியாகவே பிரித்தறிந்தார்கள். கோப்புப் பெயர்களை இப்படி எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ‘இந்தப் படத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே’ என்று ஒரு நொடியில் எழும் ஐயம்தான் ஓர் உள்ளடக்கக் குழுவுக்குக் கிடைக்கும் மலிவான, விரைவான சரிபார்ப்பு. அது எழுவதற்குப் படம் கண்முன் இருக்க வேண்டும், இணைப்பைச் சொடுக்கித் திறந்தால்தான் தெரியும் என்ற நிலையில் இருக்கக் கூடாது.

நாளிதழ் நடத்தும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டிய தேவையே இல்லை. எந்தச் செய்தி எத்தனை பத்தி, படம் எங்கே, விளம்பரம் எங்கே என்று பக்கத்துக்கு டம்மி, அதாவது மாதிரி வரைவு, போட்டுப் பார்க்காமல் எந்த இதழும் அச்சுக்குப் போவதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் முரணான இரண்டு படங்கள் வந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் கண்தான். அசைவூட்டப் படங்களின் உலகில், 1930களில் டிஸ்னி நிறுவனத்தினர் கதையின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனித் தாளில் வரைந்து சுவர்ப் பலகையில் வரிசையாகக் குத்தி வைக்கும் ஸ்டோரிபோர்டு முறையை வளர்த்தெடுத்தார்கள். ஒரு தாளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தினால் கதையின் போக்கே மாறும். படம் முழுவதையும் வரைந்து முடித்த பிறகு மாற்றுவதைவிட இது எவ்வளவோ எளிது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, களக்குறிப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி, தொடர்புடையவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திக் குழுக்களாக்கும் முறையை உருவாக்கினார். 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் இந்த வேலையை எந்தச் சுவருக்கும் கொண்டு சென்றது. இன்று மிரோ, மியூரல், ஃபிக்ஜாம், ட்ரெல்லோ முதலிய செயலிகளில் நாம் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களும் ஒரே சுவரின்முன் நிற்க முடிகிறது என்பதே இவை புதிதாகத் தந்த வசதி.

இப்போது கட்டுரையுடன் நான் மாறுபடும் இடத்துக்கு வருகிறேன். பலகை என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, எண்ணங்களைத் தேடும் பலகை. மூட்போர்டு என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது இதைத்தான். இதற்குப் பத்தியும் வரிசையும் தேவையில்லை. ஒரு பழைய புகைப்படத்தின் ஒளியமைப்பும், ஒரு துணியின் நிறமும், கையால் எழுதிய ஒரு வரியும் காரணம் சொல்ல முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். அந்தக் குழப்பத்திலிருந்துதான் ஒரு விளம்பரத் தொடரின் தொனி பிறக்கிறது. மற்றொன்று, வேலையை நகர்த்தும் பலகை. இதில் இடமிருந்து வலமாகப் பத்திகள் இருக்கும். எழுத வேண்டியது, எழுதப்படுவது, வடிவமைப்பில் இருப்பது, ஒப்புதலுக்குக் காத்திருப்பது, வெளியிட நாள் குறித்தது, வெளியானது என்று ஒவ்வோர் அட்டையும் ஒரே ஒரு பத்தியில் மட்டுமே இருக்கும். முதல் பலகை விரியட்டும், இரண்டாவது பலகை சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதே நான் கண்ட குழுக்களில் மிகப் பரவலான பிழை. எங்கோ பார்த்து வியந்த ஒரு விளம்பரத்தின் படம், நாளை மறுநாள் வெளியாக வேண்டிய பதிவின் பக்கத்தில் அதே அளவில் கிடக்கும். எது எடுத்துக்காட்டு, எது நம் வேலை என்பது அதை வைத்தவருக்கு மட்டுமே தெரியும். இதனால் நேர்வது வெறும் நெரிசல் மட்டும் அன்று. பிறருக்கு உரிமையான படம் ஒன்று, எடுத்துக்காட்டாக ஒட்டப்பட்டிருந்த இடத்திலிருந்து நகலெடுக்கப்பட்டு இறுதி வடிவமைப்புக்குள் நுழைந்துவிடுவதும் நடக்கும். ஆகவே எங்கள் குழுவில் தேடும் பலகையிலிருந்து எதையும் நேரடியாக வேலைப் பலகைக்கு இழுத்து விடக் கூடாது என்று விதி செய்துகொண்டோம். அதிலிருந்து என்ன கற்றோம் என்பதை ஒரே வாக்கியமாக எழுதி, அந்த வாக்கியத்தை மட்டும் புதிய அட்டையில் வைக்கிறோம். ‘வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், பொருளின் பெயர் படத்துக்கு வெளியே இருக்கட்டும்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் வடிவமைப்பாளருக்கு இருபது எடுத்துக்காட்டுப் படங்களைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறது.

வேலைப் பலகையின் அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்புத் தேவை. அட்டையின் முகப்பில் உண்மையான படம், உண்மையான வாசகம், வெளியாகும் தளம், நாள், அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டிய ஒருவரின் பெயர் ஆகியவை இருந்தால் போதும். ஒரு பெயர் என்று அழுத்திச் சொல்கிறேன். மூன்று பேரின் பெயர் இருக்கும் அட்டை எவருடைய அட்டையும் அன்று. உண்மையான வாசகம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வாசகம் வருவதற்கு முன்பே வடிவமைப்பைத் தொடங்கி, வாசகம் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு ஆங்கில வரியை இட்டு நிரப்பி ஒப்புதலும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு தமிழ் வரி வந்து சேர்கிறது. நம் சொற்கள் வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து நீள்பவை, நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். மூன்று சொற்களுக்கு அளந்த பட்டையில் அந்த வரி அடங்காமல், எழுத்தைச் சுருக்கி, வரி இடைவெளியை நெருக்கி, படிக்க முடியாத ஒன்றை வெளியிடுகிறோம். தமிழ் வாசகம் முதல் நாளிலிருந்தே அட்டையில் இருந்திருந்தால் அந்த வடிவமைப்பே வேறாக இருந்திருக்கும். இதைத் தமிழ் விளம்பரத் துறையினர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

அளவுகளையும் அட்டையிலேயே காட்டலாம். சதுரப் பதிவுக்கு 1080க்கு 1080 பிக்சல், செங்குத்தான ஸ்டோரிக்கு 1080க்கு 1920, யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280க்கு 720 என்பவை வழக்கத்தில் உள்ள அளவுகள். ஒரே கருத்தின் மூன்று வடிவங்களையும் ஒரே அட்டைக்குள் அருகருகே வைத்துப் பார்த்தால், சதுரத்தில் அழகாக நடுவில் நின்ற முகம் செங்குத்து வடிவத்தில் வெட்டுப்படுவதும், ஸ்டோரியின் மேலும் கீழும் செயலியின் பெயரும் பொத்தான்களும் நம் வாசகத்தின்மீது விழுவதும் வெளியிடும் முன்பே தெரிந்துவிடும்.

எதை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு, இந்தப் பத்தி முறையின் மூலத்தையே திரும்பிப் பார்க்க வேண்டும். அதன் பெயர் கான்பன். அந்த ஜப்பானியச் சொல்லுக்கே அறிவிப்புப் பலகை என்ற பொருள் உண்டு. டொயோட்டா நிறுவனத்தின் பொறியாளர் தைச்சி ஓனோ, 1950களில் தொழிற்கூடத்தில் நடைமுறைப்படுத்திய இம்முறையில், அடுத்த நிலையில் இருப்பவர் உதிரிபாகத்தை எடுத்துப் பயன்படுத்திய பிறகே அதற்குரிய அட்டை முந்தைய நிலைக்குத் திரும்பும். அட்டை திரும்பி வராமல் புதிய உதிரிபாகம் செய்யக் கூடாது. அங்கே அட்டை என்பது ‘செய்யலாம்’ என்ற அனுமதி. நாமோ அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு அட்டையை ‘செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவது’ ஆக்கிவிட்டோம். ட்ரெல்லோ 2011இல் வந்ததிலிருந்து ஓர் அட்டையை உருவாக்குவது ஒரு வரி எழுதும் வேலையாகிவிட்டதால், முதல் பத்தி நாளுக்கு நாள் நீண்டு, கீழே இறங்கிப் பார்க்கவே எவரும் துணியாத கிணறாகிவிடுகிறது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின்படி, ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஒரு குழு வாரத்துக்கு மூன்று பதிவுகளை முடித்து வெளியிடுகிறது என்று கொள்வோம். எழுத்து, வடிவமைப்பு, ஒப்புதல் ஆகிய நிலைகளில் மொத்தம் 12 அட்டைகள் இருந்தால், ஒவ்வொரு பதிவும் தொடங்கியதிலிருந்து வெளியாகச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். அதே குழு, அதே வேகத்தில், ஆறு அட்டைகளை மட்டும் கையில் வைத்திருந்தால் இரண்டே வாரம் போதும். எவரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கவில்லை. தொடங்கியதைக் குறைத்தார்கள், அவ்வளவே. நான்கு வாரத்துக்கு முன் எழுதிய வாசகம் வெளியாகும் நாளில் பழசாகிப் போவதை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு வாரத்தின் மதிப்புத் தெரியும். எனவே ஒவ்வொரு பத்தியின் தலையிலும் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். வடிவமைப்பில் மூன்றுக்கு மேல் இல்லை என்றால், நான்காவது அட்டை வரும்போது எழுத்தாளர் புதிய வாசகத்தைத் தொடங்காமல் வடிவமைப்பாளருக்கு உதவச் செல்ல வேண்டும். முதலில் இது எங்களுக்குப் பெரும் சங்கடமாக இருந்தது. சும்மா இருப்பது போல் தோன்றுமே என்று அஞ்சினோம். மேலதிகாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல ஒரு மாதம் பிடித்தது.

எங்கள் பலகையில் மிகத் தடித்த பத்தி எப்போதும் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாகவே இருந்தது. இதைச் சொல்வதில் எவர் மீதும் குறையில்லை. ஒப்புதல் தருபவர்களுக்கு வேறு நூறு வேலைகள் உண்டு, அவர்கள் கருத்தை வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவாக அனுப்பிவிடுவார்கள். அது எந்தப் படத்தைப் பற்றியது என்று நால்வர் விவாதிப்போம். கருத்தை அந்தப் படத்தின் மீதே, அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும் என்றும், பலகையில் எழுதப்படாத திருத்தம் திருத்தமாகக் கொள்ளப்படாது என்றும் பேசி முடிவு செய்தபின், ஒரே பதிவை ஐந்தாறு முறை மாற்றும் வழக்கம் பெருமளவு குறைந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் நடந்தது. தம் பெயரின் கீழ் ஒன்பது அட்டைகள் நிற்பதைக் கண்ட, ஒப்புதல் தரும் அதிகாரி ஒருவரே, சிறு பதிவுகளுக்குத் தம் ஒப்புதல் வேண்டாம் என்று தாமாக முன்வந்து சொன்னார். எத்தனை நினைவூட்டல் அனுப்பியும் நடவாத ஒன்று அது.

நிறங்களைப் பற்றி ஒரு சொல். சிவப்பு என்றால் அவசரம், பச்சை என்றால் முடிந்தது என்று லேபிள் ஒட்டுவது எங்கும் உள்ள வழக்கம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உள்ளது, பிற மக்களிடமும் இது அரிதன்று. நிறம் ஒன்றையே தகவலாக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. லேபிளில் ஒரு சொல்லையும் சேர்த்து எழுதுவதற்கு இரண்டு நொடி ஆகும்.

கட்டுரை தொடாமல் விட்ட மற்றொன்று பலகையின் கதவு. வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று அமைத்த பலகை, அந்த வேலை முடிந்து ஆண்டுகள் ஆன பின்னும் அப்படியே திறந்து கிடக்கும். அதில் வெளிவராத பொருளின் படம், விலை முடிவு, சில வேளைகளில் சமூகத் தளக் கணக்கின் கடவுச்சொல்கூட ஓர் ஓரத்தில் இருக்கும். கடவுச்சொல்லைப் பலகையில் எழுதவே கூடாது. படங்களின் உரிமம் எந்த நாள் முடிகிறது, படத்தில் இருப்பவர் எதற்கு இசைவு தந்தார் என்பவையோ கட்டாயம் அட்டையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய படத்தை மறுமுறை எடுத்துப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அதை முதலில் வாங்கியவராக இருக்க மாட்டார். செயலிகளும் நிலையானவை அல்ல. கூகுள் தன் ஜாம்போர்டு என்ற டிஜிட்டல் பலகைச் சேவையை 2024ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டது. முன்னறிவிப்பும் வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் தந்தே நிறுத்தினார்கள் என்றாலும், பலகையை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அது எளிதான வேலையாக இருந்திருக்காது. மாதம் ஒருமுறை, வெளியான அட்டைகளைப் படமும் வாசகமும் நாளுமாக வேறோர் இடத்தில் சேமித்துவிட்டுப் பலகையிலிருந்து நீக்கிவிட்டால், பலகையும் இலகுவாகும், சேவை நின்றாலும் உழைப்பு அழியாது. எக்செல் தாளுக்கு மீண்டும் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். முடிந்தவற்றின் பதிவேடாக இருக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை.

இவ்வளவும் எழுதியதால், பெரிய குழுக்களுக்கும் கட்டணச் செயலிகளுக்கும் மட்டுமே இது உரியது என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரே அறையில் வேலை செய்யும் மூவருக்கு ஒரு சுவரும் ஒட்டுத்தாளும் போதும். தனியாக எழுதி, தானே வடிவமைத்து, தானே வெளியிடுபவருக்கு அடுத்த ஒன்பது பதிவுகளின் சிறு படங்களை மும்மூன்றாக வைத்துப் பார்க்கும் ஒரு பக்கம் போதும்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டுரையோடு வெளியான படத்தில் இருந்த பலகை, ஒரே அளவு அட்டைகளும் இணக்கமான நிறங்களுமாக மிக நேர்த்தியாக இருந்தது. அதில் எவர் பெயரும் இல்லை, நாளும் இல்லை, ஒரு திருத்தம்கூட இல்லை. அதைப் பார்த்துத் தொடங்கும் இளைஞர், தம் பலகை அப்படி இல்லையே என்று அதை அழகுபடுத்துவதிலேயே காலத்தைச் செலவிடுவார். இப்பொருள் குறித்து மீண்டும் எழுதும்போது, உண்மையில் வேலை நடக்கும் ஒரு குழுவின் பலகையை, வாரத்தின் நடுவில், ஒப்புதல் பத்தி நிரம்பி நிற்கும் நிலையில், அவர்களின் இசைவுடன் படமெடுத்து வெளியிட வேண்டுகிறேன். அதன் பக்கத்திலேயே, அதே பலகை அடுத்த வாரம் எப்படி மாறியது என்பதையும் வெளியிட்டால், எந்த அட்டை நகர்ந்தது, எது நின்றது, எதை எடுத்துவிட்டார்கள் என்பதை வாசகர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
விளம்பர உள்ளடக்கத் துறையில் பணியாற்றும் வாசகர்